சொல் விளக்கம்: ஒவ்வாமையூக்கி

வெளிநாட்டிலிருந்து வந்து கோலாலம்பூர்க் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் ஓட்ஸ் பால், பாதாம் பால், சோயாப் பால் பெட்டிகளின் பின்புறத்தில் ‘அலர்ஜென்’ என்ற சொல்லைத் தேடிப் படிக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. இறக்குமதி உணவின் லேபிள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன மலேசியாவின் 1985 ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள். ஆகவே இச்சொல்லுக்குத் தெளிவான தமிழை நாம்தான் நிலைநிறுத்திக்கொள்ள வேண்டும்.

‘அலர்ஜி’ என்பது 1906 இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே ஆக்கிய சொல். ‘வேறு’ எனப் பொருள்படும் அல்லோஸ், ‘செயல்’ எனப் பொருள்படும் எர்கோன் ஆகிய கிரேக்கச் சொற்களிலிருந்து அது பிறந்தது. அந்த எதிர்வினையைத் தூண்டும் பொருளே அலர்ஜென்.

தமிழில் ஒத்தல், ஒப்பு ஆகியவற்றுக்கு உறவான ‘ஒவ்வு’ என்னும் வினை எதிர்மறையாகி ‘ஒவ்வாமை’ ஆயிற்று. “கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று பாட்டிமார் சொல்வதும் இந்த வேரிலிருந்துதான். ஆனால் அந்தப் பேச்சுவழக்கு, பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவதையும் சேர்த்தே குறிக்கிறது. அலர்ஜியோ, உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு பெரும்பாலும் ஒரு புரதத்தைப் பகையாகக் கருதுவதால் எழுவது. லாக்டோஸ் செரிக்காதவருக்குப் பாதாம் பால் ஆறுதல். பாதாம் ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம்.

‘ஒவ்வாமைச் சோதனை’ என்று பொதுவாக எழுதினால், நோயாளியின் தோலில் செய்யும் சோதனையா, பானத்தில் செய்யும் சோதனையா என்பது விளங்குவதில்லை. பானத்தில் தேடப்படுவது ஒவ்வாமையைத் தூண்டும் பொருள். எலைசா என்னும் ஆய்வக முறையில், குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) சேர்த்து, தோன்றும் நிறத்தின் செறிவைக் கொண்டு, ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஓட்ஸோடு கோதுமை கலந்துவிடுவதும், பசும்பால் ஓடிய அதே இயந்திரத்தில் தாவரப் பானம் நிரப்பப்படுவதும் இப்படித்தான் வெளிப்படுகின்றன. சுகாதார அமைச்சின் ‘ஃபோசிம்’ இறக்குமதி முறையின் கீழ், சில சரக்குகள் சோதனை முடிவு வரும்வரை விடுவிக்கப்படாமல் நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு.

அலர்ஜெனுக்கு ‘ஒவ்வாமையூட்டி’ என்பாரும் உளர். ஆனால் ‘ஊட்டி’ என முடியும் சுவையூட்டியும் நிறமூட்டியும் வேண்டுமென்றே சேர்க்கப்படுபவை. சோயாவின் புரதமோ சோயாவிலேயே இருப்பது. உடலின் எதிர்வினையைக் கிளப்புவது என்னும் பொருள் தரும் ‘ஒவ்வாமையூக்கி’யே பொருத்தம் என்பது என் துணிபு. ‘ஒவ்வாப்பொருள்’ எளிமையானதுதான், எனினும் லாக்டோஸையும் உள்ளே இழுத்துவிடும். எனவே “இப்பானத்திலுள்ள ஒவ்வாமையூக்கிகள்: சோயா, பாதாம்” என்று எழுதலாம்.