ஆகஸ்டில் வற்றினால் அது குளமில்லையா?

"தண்ணியே இல்லாத பள்ளம்தானே தம்பி, மண்ணைக் கொட்டி மூடிட்டேன்." கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் புதிதாக நிலம் வாங்கிய நம்மூர்க்காரர் ஒருவர் போன வாரம் சொன்னது இது. படமும் அனுப்பியிருந்தார். கொட்டிய மண்ணுக்கு மேலே கோரை இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈரநிலங்களை அளந்து, வாத்துக் கூடுகளை எண்ணிப் பிழைக்கிறவன் நான். இந்த வருஷம் இது நான்காவது பள்ளம்.

வசந்தத்தில் நிறைந்து ஆகஸ்டில் வற்றும் இந்தக் குட்டைகளை இங்குள்ள விவசாயிகள் 'ஸ்லூ' என்பார்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியாறுகள் பின்வாங்கியபோது உண்டான குழிகள். கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து அமெரிக்காவின் அயோவா வரை லட்சக்கணக்கில் இருந்தன. வட அமெரிக்க வாத்துகளில் ஏறக்குறைய பாதி இந்தப் புல்வெளிகளில்தான் பொரிக்கின்றன. அயோவாவில் பத்தில் ஒன்பது குழிகளை ஏற்கெனவே வடித்துவிட்டார்கள்.

சரி, "வற்றிப்போகிறதே" என்கிறீர்கள். நம் ஊரில் கோடையில் ஏரி வறண்டால் ஏரியே இல்லை என்று சொல்லிவிடுவோமா? (சில இடங்களில் சொல்லி, பட்டாவும் போட்டாயிற்று. அந்தக் கதை இப்போது வேண்டாம்.) ஆழமான ஏரியில் பனிக்கட்டி கிடக்கும்போதே, முழங்கால் ஆழக் குட்டையில் தண்ணீர் வெதுவெதுப்பாகிப் புழுக்களும் நத்தைகளும் நெளிய ஆரம்பித்துவிடும். நாளுக்கொரு முட்டையாக எட்டு, பத்து முட்டை இடும் பெட்டைக்கு அந்தப் புரதம்தான் வேண்டும். கோதுமை மணி போதாது. வற்றும்போது சேறு காற்று வாங்குகிறது, மட்கியது உரமாகிறது, கோரை விதை முளைக்கிறது. மீன் பிழைக்காது, அதனால் பூச்சிகள் வாத்துக்கு மிஞ்சும். நம் பக்கம் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்தின் இனம், இங்கே வசந்தத்தில் தேடுவது இந்த வற்றும் குட்டைகளைத்தான். வற்றாத குளமாக இருந்தால் எனக்குத்தான் கவலை.

"பதிலுக்குப் பெரிய குளமா ஒண்ணு வெட்டித் தர்றேன்" என்பவர்களும் உண்டு. வசந்தத்தில் ஒரு ஜோடிக்கு இன்னொரு ஜோடி கண்ணில் பட்டாலே ஆகாது, ஆண் துரத்தியடிக்கும். அதே பரப்பைப் பத்துக் குட்டைகளாக விட்டால் ஜோடிகள் பல மடங்கு தங்கும்.

அப்புறம் புல். பெரும்பாலான வாத்துகள் கூடு கட்டுவது தண்ணீரில் இல்லை, சுற்றியுள்ள புல்லில். சில சமயம் ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கூட. பச்சைத்தலை வாத்துக் கூடுகளில் நூற்றுக்குப் பதினைந்தாவது பொரித்தால்தான் அதன் எண்ணிக்கை குறையாமல் நிற்கும். நரியும் ஸ்கங்கும் (நாற்றம் பீய்ச்சும் கீரி அளவு விலங்கு) தின்றது போக மிச்சத்தை உங்கள் புல்வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜூலை பாதி தாண்டும் வரை வெட்டாதீர்கள். நாயைக் கட்டிப் போடுங்கள். கரை வரைக்கும் உழுதுவிடாமல், சுற்றிலும் ஒரு பட்டை புல் விடுங்கள்.

வாய்க்கால் வெட்டி வடிக்க இந்த மாகாணத்தில் நீர்ப் பாதுகாப்பு முகமையின் அனுமதி வேண்டும். "என் நிலம்" என்பது பதிலாகாது. நீங்கள் வடித்த தண்ணீர் அடுத்தவர் வயலில்தான் போய் நிற்கும். அமெரிக்கப் பக்கத்திலோ, பறவை வந்துபோகிறது என்பதற்காக மட்டும் ஆற்றோடு சேராத தனிக் குளங்களுக்கு மத்தியச் சட்டம் காவல் நிற்காது என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நில உரிமையாளர் மனசு வைத்தால்தான் உண்டு.

பள்ளத்தை மூடிய அந்த நம்மூர்க்காரர் நேற்று மறுபடி கூப்பிட்டார். "மண்ணை எடுத்தா திரும்ப வருமா தம்பி?" கோரை விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். கொட்டியதை மட்டும் அள்ளுங்கள் அண்ணே, அடியை ஆழமாக்காதீர்கள். நிலம் உறைவதற்குள்.