பயாப்சிக்குப் பயந்தவர்கள் எந்த நோயின் கணக்கிலும் வருவதில்லை

போன வாரமும் ஒருவர். பாலக்கோடு பக்கம், முப்பது வயதுகூட இல்லை. சிறுநீர் நுரைத்துப் போவதை ரொம்ப நாளாகப் பார்த்திருக்கிறார், வேறு ஓர் இடத்தில் பயாப்சி (கிட்னியிலிருந்து ஊசியால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொன்னதும் வீட்டில் பயந்துபோய்க் கஷாயத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். இப்போது ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கிக் கிடக்கின்றன. இனி ஊசி போட்டு எடுத்தாலும் தழும்புதான் தெரியும். "எதனால டாக்டர் வந்துச்சு?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிவிடும்: போர் தண்ணி! தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம்தான், அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அதற்காக நுரை வந்த எல்லோருக்கும் தண்ணீர்தான் காரணமா? ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் கிட்னியின் வடிகட்டிகளில் படியும் ஐஜிஏ நெஃப்ரோபதியாக இருக்கலாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸாக இருக்கலாம், வலி மாத்திரையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

அப்புறம் அந்தப் பயம். "சதையை வெட்டி எடுத்தால் கிட்னி போய்விடும்." யாரும் எதையும் வெட்டுவதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி, நூல் கனத்தில் சின்னத் துண்டு எடுக்கிறோம். ஒரு கிட்னியில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு, அந்தத் துண்டில் இருபது வந்தாலே எங்களுக்குத் திருப்தி. பத்து லட்சத்தில் இருபது! புற்றுநோய்க்கான டெஸ்ட்டும் இல்லை இது. ஆபத்தே இல்லையா என்றால், உண்டு: நூற்றில் மூன்று நான்கு பேருக்குச் சிறுநீரில் ரத்தம் தெரியும், பெரும்பாலும் தானாக நிற்கும், ரத்தம் ஏற்ற வேண்டி வருவது நூற்றில் ஒருவருக்கு. பயாப்சிக்குப் பிறகு டயாலிசிஸுக்கு வந்தவரைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களே, அவரை அங்கே கொண்டுபோனது நோய், ஊசி இல்லை.

நார்வேயில் 1988 முதல் நாடு முழுக்கக் கிட்னி பயாப்சிகளைப் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், அன்று இந்த நோய் என்று எழுதப்பட்டவர் பிற்பாடு டயாலிசிஸுக்குப் போனாரா என்பதுவரை தொடர்ந்து பார்க்க முடிகிறது. நம் நாட்டுக் கிட்னி நோய்ப் பதிவேட்டின் 2012 அறிக்கையில் 52,273 பேர். சர்க்கரையால் 31 சதவீதம், காரணம் தெரியாதவர்கள் 16 சதவீதம். பாலக்கோட்டுக்காரர் போன்றவர்கள் போய்ச் சேரும் இடம் அந்தப் பதினாறுதான்.

பயாப்சிப் பதிவேட்டைப் படிக்கும்போதும் ஜாக்கிரதை. அது சொல்வது யாருக்கு ஊசி போட்டோம் என்பதை, யாருக்கு நோய் என்பதை அல்ல. ஜப்பானில் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுநீர் பரிசோதிக்கிறார்கள், தேடுவதால் ஐஜிஏ சீக்கிரமே அகப்படுகிறது. இங்கே கால் வீங்கினால்தான் ஆஸ்பத்திரிக்கே வருகிறோம்.

சரி, செய்ய வேண்டியது. நுரை நிற்காமல் போனால் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு), பிரஷர் மூன்றையும் பாருங்கள். வலி மாத்திரையை நீங்களாக மெடிக்கலில் வாங்காதீர்கள். பயாப்சி என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள், அன்று இரவு ஆஸ்பத்திரியில் படுங்கள், பைக்கில் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ரிப்போர்ட்டைத் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள், பெங்களூருக்கோ வேலூருக்கோ போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

டாக்டர் நண்பர்களுக்கும் ஒன்று: சர்க்கரை நோயாளிக்குப் புரதம் திடீரென்று கொட்டுகிறது, கண் விழித்திரை சுத்தமாக இருக்கிறது என்றால், பழக்கதோஷத்தில் சர்க்கரை என்று எழுதி மூடாமல் பயாப்சிக்கு அனுப்புங்கள்.