பிரேசல் வெர்ப்: பொருள், பிறப்பு, தமிழ்ப் பெயர்

'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. 'கிவ் அப்' என்றாலோ கைவிடு. இப்படி ஒரு வினைச்சொல்லோடு 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'இன்' போன்ற சிறுசொல் ஒன்றோ இரண்டோ சேர்ந்து, மொத்தமும் ஒரே வினையாக நின்று புதுப்பொருள் தந்தால் அதற்கு ஆங்கில இலக்கணத்தில் பிரேசல் வெர்ப் என்று பெயர். சேரும் சிறுசொல்லைப் பார்ட்டிகிள் என்பார்கள். நம் இலக்கணப்படி இடைச்சொல். அகராதியில் 'கிவ்' பார்த்து, பிறகு 'அப்' பார்த்து, இரண்டையும் கூட்டினால் பொருள் வராது. 'கிவ் அப்' என்றே தேட வேண்டும்.

இந்தச் சிக்கலை முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களுள் ஒருவர் சாமுவேல் ஜான்சன். 1755 இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினைக்குப் பின்னால் சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் வழக்கம் பற்றிச் சொல்லி, பிறமொழிக்காரர் மிகவும் திணறுவது இங்கேதான் என்று எழுதினார். ஆனால் அவர் இதற்குத் தனிப்பெயர் சூட்டவில்லை. பிரேசல் வெர்ப் என்ற பெயரைப் பரவலாக்கியது 1925 இல் வந்த லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூல். பெயரை எடுத்துக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி என்று ஸ்மித்தே குறிப்பிடுகிறார்.

பெயர் புதிது, வழக்கம் பழையது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சிறுசொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டி நின்றது. 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்' எல்லாம் அந்த அமைப்பின் மிச்சம். பிற்பாடு அது வினையை விட்டுக் கழன்று பின்னால் போய்விட்டது. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இரண்டு நிலையையும் இன்றும் பார்க்கலாம்: 'அவுஃப்ஷ்டேயன்' என்றால் எழுதல், 'நான் எழுகிறேன்' என்று சொல்லும்போது 'அவுஃப்' தனியாகப் பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்.

1066 இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்களும், கூடவே லத்தீன் சொற்களும் குவிந்தன. அதனால் ஒரே வேலைக்கு இரண்டு வினைகள் ஆயின. வீட்டுப் பேச்சில் 'புட் ஆஃப்', கடிதத்தில் 'போஸ்ட்போன்'. பேச்சில் 'புட் அவுட்', தீயணைப்புக் கருவியின் மேல் 'எக்ஸ்டிங்குவிஷ்'. அதற்காகப் பிரேசல் வெர்ப் எல்லாமே கொச்சை என்று நினைத்துவிடக் கூடாது. 'கேரி அவுட்', 'அக்கவுண்ட் ஃபார்' இரண்டும் ஆய்வுக் கட்டுரையிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் தாராளமாக வரும்.

தமிழில் இதற்கு என்ன பெயர்? 'சொற்றொடர் வினை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆங்கிலப் பெயரின் நேர் பெயர்ப்பு, அவ்வளவுதான். சொற்றொடர் என்றதும் இன்றைய வாசகருக்கு முழு வாக்கியம்தான் நினைவுக்கு வரும். 'துணைவினை' என்பதும் பொருந்தாது; அது 'வந்துவிட்டான்' என்பதில் வரும் 'விடு' போன்றதற்கு உரிய பெயர். பள்ளி இலக்கணத்தில் கூட்டுவினை என்று ஒரு பாடம் உண்டு. கூட்டுவினை மூன்று வழிகளில் உருவாகும் என்று அதில் சொல்லியிருக்கும்: பெயரோடு வினை சேர்ந்து 'ஆணையிடு', வினையோடு வினை சேர்ந்து 'கண்டுபிடி', இடைச்சொல்லோடு வினை சேர்ந்து 'முன்னேறு', 'பின்பற்று'. அந்த மூன்றாவது வகைதான் பிரேசல் வெர்ப். மருந்தை 'உட்கொள்' என்கிறோம், பணியை 'மேற்கொள்' என்கிறோம். பணி மேலேயா இருக்கிறது? ஆங்கிலத்திலும் இதற்கு 'டேக் அப்' என்று அதே 'மேல்' வருவது ஒரு சுவையான ஒற்றுமை. நமக்கு இடைச்சொல் முன்னால், அவர்களுக்குப் பின்னால். ஆகவே கூட்டுவினை என்றே எழுதலாம். வகையைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் இடைச்சொல் கூட்டுவினை என்றால் குழப்பம் இராது.

பெயர்க்கும்போது இடைச்சொல்லுக்கு இடைச்சொல் தேடக் கூடாது. 'புட் ஆஃப்' தள்ளிப்போடு, 'கிவ் இன்' விட்டுக்கொடு, 'புட் அப் வித்' பொறுத்துக்கொள். 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. இங்கே 'அப்' செய்யும் வேலையைத் தமிழில் 'விடு' செய்கிறது. 'யூஸ் அப்' (தீர்த்துவிடு), 'ட்ரிங்க் அப்' (குடித்துவிடு) என்பவற்றிலும் அப்படியே.

எது கூட்டுவினை, எது சாதாரண வினையும் முன்னிடைச்சொல்லும் (பெயருக்கு முன்னால் வரும் பிரிபொசிஷன்) என்று பிரிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின் மேல் ஓடு. 'ரன் அப் எ பில்' என்றால் கடையில் பாக்கியை ஏற்றிக்கொண்டே போ. கேட்க ஒரே மாதிரிதான். பெயருக்குப் பதில் 'இட்' போட்டுப் பாருங்கள்: பாக்கியை 'ரன் இட் அப்' எனலாம், குன்றை அப்படிச் சொல்ல முடியாது. முதலாவதில் 'அப்' குன்றோடு போகிறது, இரண்டாவதில் வினையோடு போகிறது.

இதிலிருந்தே அன்றாடம் தேவைப்படும் விதியும் வருகிறது. 'டர்ன் ஆஃப் தி ஃபேன்', 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்துவிட்டால் நடுவில்தான் நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' பிழை. ஆனால் 'லுக் ஆஃப்டர்' (பார்த்துக்கொள்) பிரியாத வகை. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று சொல் வகையும் பெரும்பாலும் பிரியாது. அந்த வகையில் 'லுக் ஃபார்வர்டு டு' (ஆவலோடு எதிர்பார்) வேலை விண்ணப்பங்களில் அடிக்கடி பிழையாக வருகிறது. அதில் 'டு' முன்னிடைச்சொல். எனவே பின்னால் 'மீட்டிங் யூ' வர வேண்டும், 'மீட் யூ' அல்ல.

எழுத்துப் பிழைக்கு 'லாக் இன்' நல்ல எடுத்துக்காட்டு. வினையானால் இரண்டு சொல், பெயரானால் ஒரே சொல். இறந்தகாலம் 'லாக்டு இன்' என்றுதான் வருகிறது, 'லாகின்டு' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே 'இங்கே நுழையவும்' என்ற பொருளில் சேர்த்து எழுதுவது தவறு. 'பேக் அப்', 'செட் அப்' இரண்டுக்கும் இதே கணக்கு. பேசும்போது வினையில் அழுத்தம் இடைச்சொல்லின் மேல் விழும், பெயரில் முதல் சொல்லின் மேல் விழும்.

மழையால் ஆட்டம் 'கால்டு ஆஃப்' என்றால் ரத்து. 'புட் ஆஃப்' என்றால் வேறு நாள் உண்டு. செய்தி பெயர்ப்பவர்கள் இரண்டையும் 'ஒத்திவைப்பு' என்று எழுதிவிடுவது உண்டு. 'கோ ஆஃப்' இன்னும் வம்பானது. அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்தது, விளக்கு 'வென்ட் ஆஃப்' என்றால் அணைந்தது, குண்டு என்றால் வெடித்தது, பிரிட்டனில் பால் என்றால் கெட்டுப்போனது. எழுவாயைப் பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது.

நம்மூர் ஆங்கிலத்துக்கு என்றே சில உண்டு. 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' வேண்டாத விருந்தாளி, 'கோப் வித்' (சமாளி) போதும். படிப்பை முடித்ததைச் சொல்ல 'பாஸ்டு அவுட் இன் 2019' என்று தன்விவரக் குறிப்பில் எழுதினால், லண்டனில் படிப்பவர் மயங்கி விழுந்ததாகவே நினைப்பார். ராணுவப் பயிற்சி முடித்தவர்களின் அணிவகுப்புக்கு மட்டும் அங்கேயும் பாசிங் அவுட் பரேடு என்றே பெயர்.

கடனாக வந்தவை தமிழில் வேறு வேலை பார்க்கின்றன. 'ஸ்விட்ச் ஆஃப்' என்பதில் வினையைக் கழித்துவிட்டு, 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று இடைச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டோம். வினை நமக்குப் 'பண்ணு' என்று கைவசம் இருக்கிறதே! மற்றவை பெயராக வந்து தங்கின. வண்டியில் 'பிக்கப்' இல்லை என்றால் இழுவை இல்லை. படம் பிக்கப் ஆனால் கூட்டம் கூடுகிறது. 'லாக்கப்' காவல் நிலையத்தில், 'கட்அவுட்' திரையரங்க வாசலில். 'எல்லாம் செட்டப்' என்றால் ஆங்கிலத்திலும் உள்ள அந்தச் சதிப்பொருள். கணினியின் 'செட்டப்' அதே சொல்லின் சாதுவான முகம்.