ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டில் சிக்காத ரத்தக்கசிவு

ரத்தம் கட்டாமல் இருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2.5 என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்தத் தைரியத்தில் முழங்கால் வலிக்கு மெடிக்கலில் ஒரு அட்டை மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். ஐந்தாறு நாளில் மலம் தார் போலக் கறுத்துப் போகிறது. பதறிப்போய் மறுபடி ரத்தம் கொடுத்தால் ஐ.என்.ஆர். அதே 2.5. லேபில் தவறு ஏதும் நடக்கவில்லை. மலத்தைக் கறுக்கவைத்த ரத்தக்கசிவுக்குக் காரணமான கோளாறு அந்தப் பரிசோதனையில் தெரியவே தெரியாது.

பரிசோதனை நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். சிட்ரேட் உள்ள வெளிர்நீல மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை வேகமாகச் சுழற்றுவார்கள். அணுக்கள் அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து, உறைவைத் தொடங்கிவைக்கும் திராம்போபிளாஸ்டினும் கால்சியமும் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று அளப்பார்கள். இயல்பான பிளாஸ்மா எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவதுதான் ஐ.என்.ஆர். பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். இதயத்தின் மைட்ரல் வால்வு இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை. பிளாஸ்மாவில் இருப்பவை உறைவுப் புரதங்கள். பிளேட்லெட்டுகள் (ரத்தத் தட்டணுக்கள்) சுழற்றும்போதே ஒதுங்கிவிட்டன. வலி மாத்திரை கை வைப்பதோ அந்தப் பிளேட்லெட்டுகளில்.

ரத்தக்குழாய் கிழிந்தால் முதலில் பிளேட்லெட்டுகள் ஓடிவந்து ஒட்டி ஓட்டையை அடைக்கும். பிறகு உறைவுப் புரதங்கள் ஃபைப்ரின் இழைகளைப் பின்னி அந்த அடைப்பை இறுக்கும். அசிட்ரோமும் வார்ஃபரினும் இரண்டாவது வேலையை மந்தப்படுத்துகின்றன: கல்லீரல் வைட்டமின் கே-யைப் புதுப்பிப்பதைத் தடுத்து, 2, 7, 9, 10 ஆகிய எண்களால் அழைக்கப்படும் உறைவுப் புரதங்களைக் குறைக்கின்றன. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் காக்ஸ்-1 என்ற நொதியை அடைத்து, பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் திராம்பாக்சேன் உருவாகாமல் செய்கின்றன. ஆஸ்பிரின் இதை நிரந்தரமாகவே செய்துவிடும். பிளேட்லெட்டுக்கு உட்கரு இல்லை, புது நொதி தயாரிக்க முடியாது; ஆகவே அந்த அணு வாழும் 7 முதல் 10 நாளும் அது பயன்படாது. ஐபுபுரோஃபெனின் பாதிப்பு ஏறத்தாழ ஒரு நாளில் விலகும், நேப்ராக்சென் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

இதே காக்ஸ்-1தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டகிளாண்டினையும் தயாரிக்கிறது. அது குறைந்தால் சளிப்படலம் மெலிந்து அமிலம் அரிக்கும், புண் வரும். வலி மாத்திரையால் வரும் புண் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. ஆகவே முதல் அறிகுறியே கறுப்பு மலமாக இருக்கலாம். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் இருக்காது.) அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் சேர்த்துப் போட்டால் இரைப்பைக்கு ஓரளவு காப்பு உண்டு, குடலின் கீழ்ப்பகுதிக்கு இல்லை.

கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியதற்காக உறைவெதிர்ப்பு மருந்து எடுத்த சுமார் 50,000 பேரின் பதிவுகளை டென்மார்க்கில் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். வலி மாத்திரை எடுக்காத காலத்தோடு ஒப்பிட்டால், ஐபுபுரோஃபென் எடுத்த காலத்தில் ரத்தக்கசிவு விகிதம் ஏறக்குறைய 1.8 மடங்கு, டைக்ளோஃபினாக்கில் 3.3 மடங்கு, நேப்ராக்செனில் 4.1 மடங்கு. ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகட்ரான் போன்ற புது உறைவெதிர்ப்பு மருந்துகள் எடுப்பவர்களுக்கும் விலக்கு இல்லை. சொல்லப்போனால் அங்கே கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டாபிகட்ரானில் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு அது உடம்பிலேயே தேங்கும்.

அப்படியானால் பாரசிட்டமால்? வலிக்கு முதலில் எடுக்க வேண்டியது அதுதான்: பிளேட்லெட்டையும் தொடாது, வயிற்றையும் அரிக்காது. ஆனால் இங்கே கதை நேர்மாறு. தினம் 2 கிராம் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து சில நாள் எடுத்தால், அசிட்ரோம், வார்ஃபரின் காரர்களுக்கு ஐ.என்.ஆர். ஏறும். பாரசிட்டமால் கல்லீரலில் உடையும்போது உண்டாகும் ஒரு பொருள், வைட்டமின் கே சுழற்சியில் உள்ள நொதிகளைத் தடுப்பதே காரணம் என்று கருதப்படுகிறது. 650 மி.கி. மாத்திரை மூன்று வேளை என்றால் 1,950 மி.கி., கிட்டத்தட்ட அந்த எல்லை. சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் இருந்தால் எல்லை தாண்டியாயிற்று. காய்ச்சலில் சாப்பாடும் இறங்காது. உணவிலிருந்து வரும் வைட்டமின் கே குறைய, ஐ.என்.ஆர். இன்னும் ஏறும். ஒன்றிரண்டு நாள், 500 மி.கி. வீதம் தேவைக்கு மட்டும் என்றால் கவலையில்லை. மூன்று நாளுக்கு மேல் முழு அளவில் போனால், அந்த வாரத்திலேயே ஐ.என்.ஆர். பார்த்துவிட வேண்டும்.

மெடிக்கலில் ஏமாற்றுவது பெயர்தான். காம்பிஃபிளாமில் பாரசிட்டமாலோடு ஐபுபுரோஃபென் 400 மி.கி. இருக்கிறது, ஜீரோடால்-பியில் அசிக்ளோஃபினாக் 100 மி.கி.; வயிற்றுவலிக்கு வாங்கும் மெஃப்டால்-ஸ்பாஸில் மெஃபனமிக் அமிலம்; டிஸ்பிரின் ஆஸ்பிரினேதான். 'பாரசிட்டமால் கலந்ததுதானே' என்ற சமாதானம் செல்லாது; கூட என்ன கலந்திருக்கிறது என்று அட்டையின் பின்பக்கம் பார்க்க வேண்டும். விண்டர்கிரீன் எண்ணெய், அதாவது மெத்தில் சாலிசிலேட் உள்ள தைலத்தை முதுகு முழுக்க தினமும் தேய்த்தால் தோல் வழியாக உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றும். இடுப்பில் போடும் வலி ஊசியை அறவே தவிர்க்க வேண்டும்: ஊசி துளைத்த தசைக்குள் ரத்தம் கசிந்து, கட்டியாகத் திரளும். 'ஒரு ஊசி போட்டா சரியாயிடும்' என்று கிளினிக்கில் சொன்னால், கையை நீட்டும் முன் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு இதய மருத்துவரே உறைவெதிர்ப்பு மருந்தோடு ஆஸ்பிரின் 75 மி.கி. எழுதியிருக்கலாம். அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது.

பல் பிடுங்கும்போதுதான் இரண்டு வழியிலும் ஆபத்து ஒன்றுசேர்கிறது. அங்கே வலிக்கு ஒரு டைக்ளோஃபினாக் வகை, கிருமிக்கு மெட்ரோனிடசோல் என்று எழுதுவது வழக்கம். மெட்ரோனிடசோல் கல்லீரலில் வார்ஃபரினை உடைக்கும் நொதியை அடைப்பதால் ஐ.என்.ஆர். சில நாளில் குதிக்கும். வலி மாத்திரையால் பிளேட்லெட்டும் முடங்கியிருக்கும். ஈறில் காயமோ ஆறாமல் இருக்கும். பல் மருத்துவரிடம் முன்கூட்டியே மருந்துச் சீட்டையும் கடைசி ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டையும் காட்டினால், வலிக்குப் பாரசிட்டமாலும் கிருமிக்கு வேறு மருந்தும் எழுத வழி உண்டு. மெட்ரோனிடசோல் தவிர்க்கவே முடியாதென்றால், தொடங்கிய மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஐ.என்.ஆர். எடுக்கத் தேதி குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.