பள்ளி மேலாண்மைக் குழுவில் சேரப் போகிறீர்களா? நோட்டில் கையெழுத்து போடும் முன்

நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கு ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வந்தது. தடித்த அட்டை போட்ட நீள நோட்டு. கொண்டுவந்தவர் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, "இங்க ஒண்ணு போடும்மா, கீழ ஒண்ணு போடு" என்று காட்டினார். 1 முதல் 15 வரை பெயர்கள் ஏற்கெனவே எழுதியிருந்தன, எல்லாம் ஒரே பேனாவில், ஒரே ஆள் எழுத்தில். கையெழுத்து விழவேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டுப் பெண்கள் வரிசையாகப் போட்டார்கள். எதுக்கு என்று ஒரே ஒரு அம்மா கேட்டார். "உன் புள்ளைக்கு நல்லதுதான், போடு" என்றார் வந்தவர். நான் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெற்றோர் எல்லாரையும் பள்ளிக்கு அழைத்து, கூட்டம் நடத்தி, ஒருமனதாகத் தேர்ந்தெடுத்ததாக மேலே எழுதியிருந்தது. கூட்டம் நடந்த நேரம்கூட இருந்தது.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர். அவருக்கு அது ஒன்பது மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 20 பேர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024 ஆகஸ்டில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். குழுவின் காலம் 2 ஆண்டு. அடுத்த தேர்வு எப்போது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பள்ளியிலிருந்து நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருந்தால், நோட்டீஸுக்குப் பதில் நோட்டுதான் வரும்.

யார் நிற்கலாம், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள்

உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் இப்போது படிக்க வேண்டும். அவ்வளவுதான். படிப்புத் தகுதி என்று சட்டத்தில் எதுவும் இல்லை. கைநாட்டு வைக்கிறவர்கூட உறுப்பினராகலாம், தலைவரும் ஆகலாம். "கணக்கு வழக்கு பாக்கணும்மா, உனக்குக் கஷ்டம்" என்று சொல்லி ஒதுக்குவதை நிறைய பார்த்துவிட்டேன். அதை அக்கறை என்று நம்பி ஒதுங்கிவிடாதீர்கள்.

பாட்டிகளைத்தான் அதிகம் விரட்டுகிறார்கள். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், பிள்ளை ஊரில் பாட்டியிடம் வளரும். தினமும் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதிலிருந்து காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி ஓடுவது வரை பாட்டிதான். குழுவில் சேர வந்தால் மட்டும், "அம்மா அப்பா யாராவது வரணும்" என்பார்கள். அது தப்பு. சட்டம் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்றே சொல்கிறது. பாதுகாவலர் என்றால் பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் என்று 2-ஆவது பிரிவு விளக்குகிறது. கோர்ட் நியமித்தவரும் அதில் வருவார், ஆனால் கோர்ட் பேப்பர் இருந்தால்தான் பாதுகாவலர் என்று எங்கேயும் இல்லை. மாற்றாந்தாயும் தத்தெடுத்தவரும் சட்டப்படி பெற்றோர்தான்.

அடுத்து சான்றிதழ் கேட்பது. சாதிச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், எல்லாம் இரண்டு இரண்டு ஜெராக்ஸ். பிள்ளையைச் சேர்க்கும்போதே இவை பள்ளிக்குப் போய்விட்டன, கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் ஏறியும் விட்டன. திரும்பக் கேட்டால், "எமிஸில் இருக்கே சார், பாருங்க" என்று சொல்லுங்கள். எமிஸைப் பற்றி இன்னொன்று. அதில் உங்கள் பெயருக்கு நேராக எந்த செல் நம்பர் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போன பழைய நம்பராகவோ, பிரிந்துபோன கணவருடைய நம்பராகவோ இருக்கலாம். பெற்றோருக்கான செயலிக்குள் பதிவான நம்பரை வைத்துத்தான் போக முடியும். நம்பர் தப்பாக இருந்தால், "எல்லாருக்கும் தகவல் அனுப்பினோம்" என்று அவர்கள் சொல்வார்கள், உங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது. கூட்டம் வரும்வரை காத்திருக்காமல் முதலில் இதை மாற்றுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் இதையும் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு, சில இடங்களில் வேண்டுமென்றே. "நீங்கதான் பிடிஏ பணம் கட்டியிருக்கீங்களே, நீங்களும் மெம்பர்தான்" என்று ரசீதைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். கழகம் வேறு, குழு வேறு. மேலாண்மைக் குழுவுக்குச் சந்தா கிடையாது. சேரப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உதவி பெறும் பள்ளியிலும் குழு உண்டு, ஆனால் அங்கே ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே. மெட்ரிக் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் பிள்ளை படித்தாலும் அங்கே இந்தக் குழுவே கிடையாது. அதற்காக அலைய வேண்டாம்.

தலைவர் பதவிக்கு வருவோம். தமிழ்நாட்டில் தலைவர் பெற்றோரிலிருந்து வரும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். உள்ளாட்சி உறுப்பினர் குழுவில் இருப்பார், கூட்டத்தில் பேசுவார், சரி. "தலைவர் யாருன்னு நான் சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்தால் அதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தரவேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் இதில் அடக்கம். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் காலனியிலிருந்து வந்து, குழுவில் காலனிக்காரர் இரண்டே பேர் என்றால், அந்தக் கணக்கைக் கூட்டத்திலேயே வாய்விட்டுக் கேளுங்கள். அப்புறம் கேட்டால் பதில் வராது.

கூட்டத்தன்று

தனியாகப் போகாதீர்கள். உங்களை முன்மொழிய ஒருவர், கை தூக்கப் பத்துப் பேர் வேண்டும். வேலை நாளாக இருந்தால் ஒரு நாள் கூலி போகும், அதைச் சொல்லித்தான் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. வருகைப் பதிவில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு முடித்த பிறகு அந்தப் பக்கத்தை செல்லில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, எடுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால் கையில் இருக்கப்போவது அந்தப் படம் ஒன்றுதான்.

"லிஸ்ட் ஏத்தியாச்சு"

கூட்டம் நடக்கவே இல்லை, அல்லது உங்களைக் கேட்காமல் பெயர் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். தலைமையாசிரியரிடம் போனால் கிடைக்கும் பதிலை இப்போதே எழுதித் தந்துவிடலாம்: "ஆப்ல ஏத்தியாச்சும்மா, லாக் ஆயிடுச்சு, மேல கேளுங்க." தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் மேலே இருப்பது வட்டாரக் கல்வி அலுவலர். அங்கே போனால், "பள்ளி அளவில் தேர்ந்தெடுத்தது, எச்எம்தான் பார்க்கணும்" என்பார்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுவை வாங்கி வட்டாரத்துக்கே அனுப்புவார்கள். இரண்டு பஸ் மாறிப் போனதுதான் மிச்சம்.

கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் மனு அதே படிகளில் இறங்கி, யார்மேல் புகாரோ அவர் மேஜைக்கே விளக்கம் கேட்டு வரும். அவர் எழுதும் நான்கு வரியே உங்களுக்கு இறுதிப் பதிலாக வந்து சேரும். ஆகவே "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று மனு எழுதாதீர்கள். நடவடிக்கை எடுத்தாயிற்று என்று முடித்துவிடுவார்கள். கூட்டம் நடந்த தேதி என்ன, வந்த பெற்றோர் எத்தனை பேர், வருகைப் பதிவின் நகல் எங்கே என்று மூன்றே கேள்வி கேளுங்கள். நடக்காத கூட்டத்துக்கு இந்த மூன்றையும் தயார் செய்வது சுலபமில்லை.

மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போடுகிறவர் லீவு என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவில் புகாரை 3 மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிய மனுவுக்கும் வெறும் மனுவுக்கும் நடக்கும் மரியாதையே வேறு, அதை நானே பார்த்தேன். 14417 என்ற கல்வித் துறை உதவி எண்ணும் இருக்கிறது. பேசினால் புகார் எண் கேட்டு வாங்குங்கள், எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள்.

உறுப்பினர் ஆன பிறகு

தலைவரின் பேனாவுக்கு மதிப்பு உண்டு, அதனால்தான் சொன்ன பேச்சு கேட்கிற தலைவரைத் தேடுகிறார்கள். பள்ளி மானியம் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 வரை 10 ஆயிரம் ரூபாய், 100 வரை 25 ஆயிரம், 250 வரை 50 ஆயிரம், ஆயிரம் வரை 75 ஆயிரம், அதற்கு மேல் 1 லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கையாவது சுத்தம் சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேண்டும். உங்கள் பள்ளிக் கழிப்பறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இந்த வரியைத் திரும்பப் படியுங்கள். "பணமே வரலை" என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். 2024-25-இல் ஒன்றிய அரசு பள்ளிக் கல்வித் திட்டத்துக்காகத் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது ஊரறிந்த விஷயம். அதனால் சண்டைக்குப் போகாமல் பாஸ் புத்தகத்தைக் கேளுங்கள். தலைமையாசிரியரும் தலைவரும் சேர்ந்து கையெழுத்து போடும் கணக்கின் புத்தகத்தைத் தலைவரிடம் காட்டமாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

வெற்றுக் காசோலையில் கையெழுத்து போடாதீர்கள். "அவசரம்மா, ஆடிட் வருது, தொகை அப்புறம் எழுதிக்கிறோம்" என்பார்கள். ஆடிட்டில் தப்பு வந்தால் அந்தக் காசோலையில் இருக்கும் பெயர் உங்களுடையது. தீர்மான நோட்டில் கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே இடம் விட்டிருந்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டுப் போடுங்கள். 2022-இல் காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களைக் குழு வழியாக எடுக்க அரசு சொன்னபோது, அந்த விட்ட இடங்களில் என்னென்ன பெயர்கள் ஏறின என்று சில ஊர்களில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள்.

கூட்டம் வெள்ளிக்கிழமை மாலைதான் பெரும்பாலும். மனைவி தலைவர், கூட்டத்துக்கு வருவது கணவர் என்றால் அவர் பேசுவது எதுவும் நோட்டில் ஏறாது. அந்த அண்ணன்கள் வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. பிள்ளை அந்தப் பள்ளியை விட்டுப் போனால் உங்கள் பதவியும் போகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்து டிசி வாங்கிய பிறகும் ஒரு வருடம் தலைவராகவே கையெழுத்து போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவைத் தெரியும். யாரும் அவரை நிறுத்தவில்லை, எல்லாருக்கும் அதுதான் வசதி. டிசி வாங்கப் போகும் அன்றே, நான் இனித் தலைவர் இல்லை என்று தலைமையாசிரியருக்கு ஒன்று, பாங்கு மேனேஜருக்கு ஒன்று கடிதம் எழுதி, இரண்டிலும் சீல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.