சான்றிதழ் வந்துவிட்டது, பிள்ளை வரவில்லை: இங்கிலாந்தில் புதிதாகப் பதிவான சைல்ட்மைண்டர்களுக்கு

போன நவம்பரில் ஒரு தங்கச்சி தொலைபேசி எடுத்தா. சைல்ட்மைண்டர், அதாவது சொந்த வீட்டில் மற்றவர்களின் பிள்ளைகளைக் காசுக்குப் பார்ப்பவராகப் பதிவானவ. பிள்ளைப் பராமரிப்பையும் பள்ளிக்கூடங்களையும் மேற்பார்க்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்து ஒன்பது கிழமை. "அக்கா, முன்னறையை முழுக்க மாத்திப்போட்டன். சின்னக் கதிரை, மேசை, படிக்குக் கேற், தொட்டில் எல்லாம் வாங்கியாச்சு. ஒரு ஃபோன்கூட வரேல்லை" என்றா. கடைசிச் சொல்லில் குரல் அடைத்துவிட்டது. இருந்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவ.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "உங்கட கவுன்சில் பட்டியலில உங்கட பேர் இருக்கா?"

இல்லை. அப்படியொரு பட்டியல் இருப்பதே அவவுக்குத் தெரியாது.

வடமேற்கு லண்டனில் நான் பதினொரு வருடமாகச் சைல்ட்மைண்டராக இருக்கிறேன். புதிதாகப் பதிவு செய்யும் எங்கள் பெண்கள் பலரோடு தேநீர் குடித்துக்கொண்டு இதைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் சிக்குவது இந்த இடத்தில்தான். பதிவு கிடைத்தால் பெற்றோர் தேடி வருவார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் ஒஃப்ஸ்டெட் உங்கள் பெயரையும் முகவரியையும் நீங்கள் சம்மதித்தால்தான் பொதுவில் காட்டும். விண்ணப்பம் நிரப்பும்போது, வீட்டு முகவரியை ஊருக்கெல்லாம் ஏன் காட்டவேண்டும் என்ற பயத்தில் பலர் அந்தச் சம்மதத்தைக் கொடுப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதன் விளைவு, உங்கள் தெருவில் இருக்கும் தாய்க்கே நீங்கள் இருப்பது தெரியாது.

இங்கிலாந்தில் ஒவ்வொரு உள்ளூராட்சி கவுன்சிலும் பிள்ளைப் பராமரிப்பு பற்றிப் பெற்றோருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கென்று குடும்பத் தகவல் சேவை என்றொரு பிரிவு இருக்கும். அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி உங்கள் விபரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். காசு இல்லை. முழு முகவரி வேண்டாம். அஞ்சல் குறியீட்டின் முன்பாதியும், இந்த வேலைக்கென்று தனியாக எடுத்த கைபேசி எண்ணும் போதும். எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பெற்றோர் பலர் சைல்ட்மைண்டரைத் தேடுவதில்லை, பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டுத்தான் தேடுகிறார்கள்.

அதே கவுன்சிலிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. பிள்ளைப் பராமரிப்புக்கு அரசு பணம் கொடுக்கும் மணித்தியாலங்களைப் பெற்றோர் உங்களிடம் பயன்படுத்த வேண்டுமென்றால், கவுன்சிலோடு அதற்கான உடன்பாட்டில் நீங்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து, வேலைக்குப் போகும் தகுதியுள்ள பெற்றோருக்கு 9 மாதக் குழந்தை முதல் பள்ளிக்கூடம் தொடங்கும் வயது வரை கிழமைக்கு 30 மணித்தியாலம், வருடத்தில் 38 கிழமை. தொலைபேசியில் தாய்மார் கேட்கும் முதற் கேள்வியே இப்போது "முப்பது மணித்தியாலம் எடுப்பீங்களா?" என்பதுதான். "இன்னும் இல்லை" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இந்தத் திட்டத்தின் நாட்காட்டியை விளங்கிக்கொண்டால் வெறுமையான மாதங்கள் உங்களை இவ்வளவு வாட்டாது. பிள்ளை வயதை எட்டிய உடனே பணம் தொடங்குவதில்லை, அடுத்த தவணையில்தான் தொடங்கும். தவணைகள் ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1. மார்ச் 10இல் பிறந்த குழந்தைக்கு டிசம்பர் 10இல் 9 மாதம் ஆகும். தாய் டிசம்பர் 31க்குள் விண்ணப்பித்து, தகுதியைக் காட்டும் அரசின் குறியீட்டு எண்ணை எடுத்துவிட்டால் ஜனவரியில் தொடங்கலாம். ஒரு நாள் பிந்தினாலும் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். எடுத்த எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் தவிக்கும் புதுத் தாய்மார் நிறையப் பேர். பிள்ளையை உங்களிடம் விடாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிக்கொடுங்கள். அந்தத் தாய் தன் சிநேகிதியிடம் உங்கள் பெயரைச் சொல்லுவா. செப்டம்பரில் சான்றிதழ் வாங்கியவருக்கு அந்தத் தவணை ஏற்கனவே போய்விட்டது. அவருக்கு உண்மையான தொடக்கம் ஜனவரிதான்.

பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்குப் பெற்றோர் திறக்கும் வரிவிலக்குக் கணக்கையும் (Tax-Free Childcare) அப்படியே சொல்லிக்கொடுங்கள். பெற்றோர் 8 பவுண்ஸ் போட்டால் அரசு 2 பவுண்ஸ் சேர்க்கும், மூன்று மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு 500 பவுண்ஸ் வரை. நீங்கள் பதிவானதும் வருமான வரித் திணைக்களத்திலிருந்து இதற்கொரு கடிதம் வரும். வரிக் கடிதம் என்று பயந்து லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள். அந்தக் கணக்கில் சேருவதற்கான எண் அதற்குள்தான் இருக்கிறது.

இனி, என் முதற் பிள்ளை எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நான் பதிவானது ஒரு ஐப்பசியில். கடைக் கண்ணாடிகளில் அட்டை ஒட்டினேன், கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் இருக்க மனம் வராமல், செவ்வாய்க்கிழமைகளில் என் சொந்தத் தங்கையின் மகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடக்கும் பாட்டு நேரத்துக்குப் போகத் தொடங்கினேன். அங்கே ஒவ்வொரு கிழமையும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பேரனோடு வருவா. நாங்கள் புன்னகைத்ததோடு சரி. நாலாவது கிழமை தங்கையின் மகள் ஒரு மேளத்துக்காகக் கம்பளத்தில் விழுந்து புரண்டு கத்தினாள். நான் மேளத்தைப் பறிக்கவும் இல்லை, அவளைத் தூக்கவும் இல்லை. பக்கத்தில் படுத்து, அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "உனக்கு அந்த மேளம் வேணும், என்ன?" என்று மெதுவாகச் சொன்னேன். அவள் விக்கி விக்கி அடங்கி என் மடிக்கு வந்தாள். பாட்டு முடிந்ததும் அந்தப் பாட்டி என்னிடம் நேராக வந்து, "நீங்கள் செய்யும் தொழில் என்ன?" என்று கேட்டா. மகள் ஜனவரியில் வேலைக்குத் திரும்புகிறாளாம், பேரனை விட ஆள் தேடுகிறார்களாம்.

அட்டையில் என் படிப்பும் முதலுதவிச் சான்றிதழும் எழுதியிருந்தேன். அந்தப் பாட்டி அட்டையைக் கண்டதே இல்லை.

ஆகவே நூலகம், விளையாட்டுக் குழு, குடும்ப நிலையம், பூங்கா என்று பிள்ளைகள் கூடும் இடங்களில் இருங்கள். கூட்டிப்போக ஒரு பிள்ளையும் இல்லாவிட்டால், விளையாட்டுக் குழுவில் உதவிக்கு நிற்கிறேன் என்று கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் மற்றச் சைல்ட்மைண்டர்களைப் போட்டியாளர்களாகப் பார்க்காதீர்கள். இடம் நிரம்பியவருக்கு வரும் அழைப்பு எங்காவது போகத்தானே வேண்டும்? என்னிடம் வந்த இரண்டாவது மூன்றாவது குடும்பங்கள் அப்படி வந்தவைதான்.

பெற்றோர் வீட்டுக்கு வந்து பார்க்கும் அந்த முதல் அரை மணித்தியாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதியவர்கள் சான்றிதழ்கள் அடுக்கிய கோப்பு ஒன்றைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். தாய் அந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை. சப்பாத்தைக் கழற்றும்போதே அவவின் கண் படிக்கட்டுக் கேற்றுக்குப் போகும், பிறகு குசினிக் கதவுக்கு, பிறகு தொட்டிலுக்கு. தொட்டிலுக்குள் தலையணையோ மெத்தென்ற பொம்மையோ இல்லாமல் வெறுமையாக, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கும் விதமாக இருக்கிறதா என்று பார்ப்பா. நீங்கள் தரையில் உட்காருங்கள். பிள்ளையிடம் போகாதீர்கள், பிள்ளை உங்களிடம் வரட்டும். தாயிடம் "ராத்திரி எத்தனை தரம் எழும்புறா?" என்று கேட்டுப் பாருங்கள், அவவின் தோள் இறங்கும்.

தகப்பன்மார் பெரும்பாலும் கேட்பது, "உங்களுக்கு ஒஃப்ஸ்டெட் தரம் என்ன?" முதற் சோதனை நடக்கும்வரை எந்தப் புதியவருக்கும் தரம் இருக்காது. அதைக் குறையாக நினைத்து முணுமுணுக்காதீர்கள். பதிவுக்கு முன் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்ததையும், வீட்டில் இருக்கும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை நடந்ததையும், 12 மணித்தியாலக் குழந்தை முதலுதவிப் பயிற்சி எடுத்ததையும் நேராகச் சொல்லுங்கள். வீட்டில் யார் யார் இருப்பார்கள், யார் வந்து போவார்கள் என்று அவர்கள் கேட்க முதல் நீங்களே சொல்லிவிடுங்கள். எங்கள் வீடுகளில் சொந்தக்காரர் சொல்லாமல் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் அது நடக்காது என்று சொல்ல உங்களால் முடிய வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

தமிழ் உங்களுக்கு இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கான அரசின் பாடச் சட்டகமே, வீட்டு மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்த இடம் கொடுக்கச் சொல்கிறது. கூடவே ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும் என்கிறது. அம்மம்மாவோடு தமிழில் கதைக்கப் பிள்ளைக்கு ஒரு இடம் வேண்டும் என்று ஏங்கும் இளந்தாய்மார் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் இருக்கிறார்கள். உங்கள் விளம்பரத்தில் அதை முதல் வரியிலேயே போடுங்கள்.

ஆனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தங்கச்சிக்கு நவம்பர் கடைசியில் முதலில் வந்த அழைப்பு அப்படிப்பட்டதுதான். "நீர் எங்கட ஆள்தானே, கையில காசு தாறம், பேப்பர் ஒண்டும் வேண்டாம்." தூரத்துச் சொந்தம், முறைக்குச் சித்தி. தமிழில் எல்லோரும் மாமி, எல்லோரும் சித்தி. சட்டத்துக்கு அப்படி இல்லை. 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை உங்கள் வீட்டில், ஒரு நாளில் 2 மணித்தியாலத்துக்கு மேல், காசுக்குப் பார்த்தால் பதிவு வேண்டும். பதிவில்லாமல் செய்வது சட்டவிரோதம். விலக்கு இருப்பது பேரன் பேத்தி, கூடப்பிறந்தவர், கூடப்பிறந்தவரின் பிள்ளை போன்ற நெருங்கிய உறவுக்கு மட்டும். ஒன்றுவிட்ட மச்சாளின் பிள்ளை அதற்குள் வராது. இன்னொன்று: உங்கள் சொந்தத் தங்கையின் பிள்ளையைப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு அரசின் மணித்தியாலப் பணத்தை நீங்கள் கோரவும் முடியாது. பதிவாகிவிட்ட நீங்கள் ஒப்பந்தம் இல்லாமல் பிள்ளையை எடுத்தால், விபத்து நடந்தாலும் காசு தராவிட்டாலும் கையில் ஒன்றும் இருக்காது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். என் முதல் வருடத்தில் தெரிந்த குடும்பம் ஒன்று. எழுத்தில் எதுவும் வைக்கவில்லை, கேட்க வெட்கம். ஆறு மணிக்கு வரவேண்டியவர்கள் ஏழு, ஏழரை என்று வந்தார்கள். ஒரு திங்கட்கிழமை வரவே இல்லை. ஒரு மாதக் காசு நின்றது. காசு போனதைவிட, பதினெட்டு மாதக் குழந்தைக்குப் போய்வருகிறேன் என்று சொல்ல முடியாமல் போனதுதான் இன்றைக்கும் நெஞ்சுக்குள் நிற்கிறது. அவளின் மாற்றுச் சட்டை ஒன்று நெடுநாள் என்னிடம் இருந்தது. அதற்குப் பிறகு முற்பணம், நேரம், பிந்தினால் கட்டணம், விடுமுறை, நாலு கிழமை முன்னறிவித்தல், எல்லாவற்றையும் பிள்ளை காலடி வைக்க முதல் நானும் பெற்றோரும் கையெழுத்திட்டு வைக்கிறேன். சொந்தமென்றால் இன்னும் கவனமாக. பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் அப்படித்தான், முதல் நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

பயத்தில் விலையைக் குறைப்பதும், கேட்ட எந்த நேரத்துக்கும் ஓம் என்பதும் இதே வகைதான். பொதுவாக நீங்கள் ஒரே நேரத்தில் 8 வயதுக்குக் கீழ் 6 பேரைத்தான் பார்க்கலாம். அதில் சின்னப் பிள்ளைகள், அதாவது 5 வயது நிரம்பிய பிறகு வரும் செப்டம்பர் 1ஐ இன்னும் எட்டாதவர்கள், 3 பேருக்கு மேல் கூடாது. அந்த மூன்றில் 1 வயது நிரம்பாதது ஒன்றுதான். உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி. தங்கச்சிக்கு மூன்று வயது மகன் இருக்கிறான், ஆகவே அவவிடம் இருப்பது இரண்டே இரண்டு சின்னப் பிள்ளை இடங்கள். அதில் ஒன்றைக் கிழமைக்கு இரண்டு அரைநாளுக்குக் கொடுத்துவிட்டால், ஐந்து நாள் தேடி வரும் குடும்பத்துக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டி வரும். பள்ளிக்கூடம் முடிந்து வரும் ஆறேழு வயதுப் பிள்ளைகளை முதலில் எடுக்கச் சொன்னேன். அவர்கள் சின்னவர்களின் இடத்தைத் தின்ன மாட்டார்கள்.

சித்தி முறைக்காரிக்குத் தங்கச்சி ஒப்பந்தத் தாளை அனுப்பினா. பதில் வரவில்லை. இரண்டு நாள் என்னோடு அழுதா. டிசம்பர் நடுப்பகுதியில் கவுன்சில் பட்டியலைப் பார்த்து ஒரு தாதி அழைத்தா, பத்து மாத மகள், கிழமைக்கு நாலு நாள். வந்து பார்த்தார்கள். அந்தக் குழந்தை இருபது நிமிடம் தாயின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றதாம். தங்கச்சி தரையில் இருந்து மரக் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறா, கூப்பிடவே இல்லை. போகும் நேரம் பார்த்தால் கரண்டி குழந்தையின் கையில். தாய் வாங்கிக் கொடுக்கப் பார்த்தா. "கொண்டுபோகட்டும், ஜனவரி ஆறாம் தேதி வரேக்க கொண்டு வாங்கோ" என்று தங்கச்சி சொல்லி அனுப்பிவிட்டா.