ஒரே பொத்தான், இரண்டு திசை

தரையிலிருந்து வானொலி அலையால் இயக்கப்பட்ட அக்காலச் சிறு மாதிரி விமானங்களின் அலைபரப்பிப் பெட்டியில் ஒரே ஒரு பொத்தான்தானே இருக்கிறது, அதைக் கொண்டு இடமும் வலமும் எப்படித் திருப்பினார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பொத்தானை அழுத்தினால் 27 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ அலை கிளம்பும், விட்டால் நின்றுவிடும். விமானத்திலுள்ள ஒற்றை வெற்றிடக் குழல் கொண்ட ஏற்பி (அலைவாங்கி) அலையை உணர்ந்ததும் அதன் மின்னோட்டம் சற்றே மாறும். அந்தச் சிறு மாற்றம் ரிலே என்னும் மின்விசையால் இயங்கும் சுவிட்சை இயக்க, ரிலே ஒரு மின்காந்தத்தை இயக்கும். வானொலியின் வேலை அத்தோடு முடிந்தது. திசையைப் பற்றிய செய்தி எதுவும் அந்த அலையில் இல்லை.

திசை இருப்பது எஸ்கேப்மென்ட் என்னும் சின்னஞ்சிறு பொறியில். விமானத்தின் உடல் நெடுக முறுக்கி மாட்டப்பட்ட ரப்பர் பட்டை ஒரு சுழலியைச் சுற்றிவிடத் துடித்துக்கொண்டிருக்கும். மின்காந்தத்தோடு இணைந்த கொக்கி அதன் கையைத் தடுத்து நிறுத்தியிருக்கும். பொத்தானை அழுத்தியதும் கொக்கி விலக, சுழலி கால் சுற்று சுற்றி, கொக்கியின் மறுமுனையில் சிக்கி நிற்கும். அதனோடு சேர்ந்து திரும்பும் வளைகம்பி, வாலிலுள்ள திசைதிருப்பும் பலகையான சுக்கானை வலப்புறம் தள்ளும். பொத்தானை விட்டால் இன்னொரு கால் சுற்று, சுக்கான் நடுவுக்கு வரும். அடுத்த முறை அழுத்தினால் இடப்புறம். சுக்கானை அசைக்கும் வலு முழுவதும் ரப்பருடையது என்பதால், மின்கலம் கொக்கியை விடுவித்தாலே போதும். கனமான மோட்டாரும் பெரிய மின்கலமும் தேவைப்படாமல் போனது இதனால்தான்.

வலப்புறம் திரும்பியவர் மீண்டும் வலப்புறமே திரும்ப விரும்பினால் இடையில் வரும் இடப்புறத்தைக் கடந்தாக வேண்டும். ஆகவே பொத்தானை ஒருமுறை சட்டென்று தட்டிவிட்டு, அடுத்ததை அழுத்திப் பிடிப்பார். சுக்கான் கணநேரம் இடப்புறம் போய் வரும். ஆனால் விமானத்தின் நிலைமம் அதைப் பொருட்படுத்தாது. விமானத்தின் மந்தத்தையே கட்டுப்பாட்டுக் கருவியின் ஓர் உறுப்பாக்கிய இந்தத் துணிச்சலை வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு ஏற்புடையதன்று. சுக்கான் மட்டுமே கொண்டு குட்டிக்கரணமும் அடித்தார்கள்: திருப்பத்தை நீட்டித்தால் விமானம் சுருளாகக் கீழிறங்கி வேகம் பிடிக்கும்; அந்நேரம் பொத்தானை விட்டால் அவ்வேகத்திலேயே அது மேலெழும்பி வளையமிடும். ரப்பரின் முறுக்கு தீர்வதற்குள் இவையெல்லாம் நடந்தாக வேண்டும்.

பின்னர் வந்த 'கேலப்பிங் கோஸ்ட்' முறை இதே நிலைமத்தை இன்னும் துணிந்து நம்பியது. அதில் சுக்கானும், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான உயர்த்தியும் ஓயாமல் படபடத்துக்கொண்டே இருக்கும். அலைத் துடிப்பின் அகலத்தை, அதாவது அது நீடிக்கும் நேரத்தை, மாற்றினால் சுக்கானின் சராசரி நிலை மாறும், துடிப்பின் வேகத்தை மாற்றினால் உயர்த்தியின் சராசரி மாறும்; விமானம் அந்தச் சராசரிகளுக்கு மட்டுமே கட்டுப்பட்டுப் பறக்கும். 1960களில் வந்த டிஜிட்டல் விகிதமுறைக் கருவிகள் (கைப்பிடியை அசைக்கும் அளவுக்கே சுக்கானும் அசையும் வகை) படபடப்பை ஒழித்தன. துடிப்பின் அகலத்தை மட்டும் வைத்துக்கொண்டன. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏற்பிகளில் பலவும், சுக்கானை அசைக்கும் சிறு மோட்டார் பொறியான சர்வோவுக்கு அனுப்புவது ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிநொடி வரையிலான துடிப்பைத்தான், 1.5 என்றால் சுக்கான் நடுவில் நிற்கும்.